விதைப்புக்கு முன்னம் சொல்லுங்கோ

கனடா, லண்டன், பாரிஸ், சுவிஸ், நோர்வே என்று போன இடமெல்லாம் ஊர்ப் பெயரில் ஒன்றியம் வைத்திருக்கும் எங்கள் உறவுகளுக்கு,

வணக்கம்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்து இரண்டு கிழமை ஆகவில்லை, உங்கள் லிஸ்ற் வந்துவிட்டது. ஒவ்வொரு வருசமும் இப்படித்தான். ஆடி, ஆவணி லீவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் ரிக்கற் போட்ட கையோடு அறிவிப்பார்கள். வராதவர்கள் அவர்களிடம் கொடுத்துவிடச் சொல்லி எழுதுவார்கள். இந்த முறை வட்ஸ்அப்பில் வந்தது இது: மொட்டைக்கறுப்பன் பச்சை அரிசி பத்துக் கிலோ, குரக்கன் மா ஐந்து கிலோ, பாலைப்பாணி நாலு போத்தல், காட்டுத்தேன் நாலு போத்தல், விரால் கருவாடு, எருமை நெய், உரலில் இடித்த மிளகாய்த்தூள், கோயில் கச்சான். கீழே ஒரு வரி: "அம்மா, கடைச் சாமான் வேண்டாம், அசல் ஊர்ச் சாமான் மட்டும்."

எட்டுச் சாமானில் மூன்றைத்தான் என்னால் கட்ட முடிந்தது. மிளகாய்த்தூள் இடித்தோம், குரக்கன் திரித்தோம், கச்சான் வாங்கி வைத்தோம். மற்ற ஐந்துக்கும் "இல்லை அப்பன்" என்று எழுதினேன். ஒன்றியச் செயலாளர் தம்பி உடனே திருப்பிக் கேட்டார்: "என்னம்மா, வன்னியிலையே இல்லையெண்டா வேற எங்க போய்த் தேடுறது?"

நல்ல கேள்வி. போனில் ஒற்றை விரலால் தட்டிப் பதில் சொல்ல ஏலாது என்றபடியால் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்துவிட்டேன். எழுதி முடிய பேத்தி தட்டச்சுச் செய்து தருவாள். எல்லா ஒன்றியத்துக்கும் பொதுவாகவே எழுதுகிறேன். நாடு வேறென்றாலும் லிஸ்ற் ஒன்றுதானே.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டுக்குப் போகிற பக்கம் இருக்கிறவள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் எட்டு வருசம் பொருளாளர். உங்கள் கைக்கு வந்த பார்சல்களில் பாதிக்கு சாக்கு ஊசி பிடித்தது என் கைதான்.

ஊர்ச் சாப்பாட்டுக்கு நாக்கு ஏங்குவது எப்படியென்று எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். மகளின் இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்காக 2018 கார்த்திகையில் கனடா ஸ்காபரோவுக்கு வந்து, ஆறு மாதம் இருந்துவிட்டுத்தான் திரும்பினேன். இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. என் உடுப்பு ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. மிச்ச இடமெல்லாம் சரக்குத்தூள், வறுத்த உழுத்தம்மா, நல்லெண்ணெய், பிட்டு அவிக்கிற ஓலை நீத்துப்பெட்டி ஒன்று. நீத்துப்பெட்டியை விமான நிலையத்தில் ஒரு பிள்ளை கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தொப்பியோ என்று கேட்டிருப்பாள்; எனக்கு அந்த இங்கிலீஸ் விளங்கவில்லை, தலையை ஆட்டிவிட்டேன்.

அங்கே தமிழ்க்கடையில் இல்லாதது இல்லை. முருங்கைக்காய், இராசவள்ளி, பலாக்கொட்டை, கணவாய், ஒடியல் மா, எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். விலையை ரூபாவுக்கு மாற்றிப் பார்த்தால்தான் நெஞ்சு இடிக்கும். ஆனால் மூன்று கடை ஏறி இறங்கியும் எனக்கு மனம் நிறையவில்லை. தூள் என்றால் யாழ்ப்பாணத்துத் தூள், கூழ் என்றால் யாழ்ப்பாணத்துக் கூழ், பைக்குப் பை பனைமரப் படம். யாழ்ப்பாணத்தோடு எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, மருமகன் அந்தப் பக்கத்துப் பிள்ளைதான். குளமும் காடும் வயலும் சேர்ந்து போடுகிற சாப்பாட்டைப் பையில் அடைக்க ஒருவரும் இல்லை, அவ்வளவுதான். தாமரைக்கிழங்குக்கு என்ன படம் போடுவது, குளத்தையா?

ஐந்தாம் நாள் இரவு மிஞ்சின சோற்றுக்குத் தண்ணீர் விட்டு மூடி வைத்தேன். விடியப் பார்த்தால் சோறு ஊறிக் கிடக்கிறது, புளிக்கவில்லை. தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக நிற்கிறது. வெளியே பனி, உள்ளே ஹீற்றர், இரண்டுக்கும் நடுவில் சோற்றுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த இரவு சட்டியைத் துவாயால் சுற்றி, நிலத்தில் சூட்டுக்காற்று வருகிற ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் காலை மூடியைத் திறக்க மெல்லிசாக அந்தப் புளிப்பு மணம் எழும்பியது. சின்ன வெங்காயம் நறுக்கி, பச்சைமிளகாய் கிள்ளிப் போட்டு, முதல் நாள் மீன்குழம்பின் அடி வண்டலும் தயிரும் விட்டுப் பிசைந்துகொண்டிருக்க மகள் மேல் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஒன்றும் பேசவில்லை. கையை நீட்டினாள். ஒரு உருண்டை வைத்தேன். தின்றுவிட்டுத் திரும்ப நீட்டினாள். பிள்ளை பெற்றுப் பதினெட்டாம் நாள். பத்தியக்காரிக்குப் பழஞ்சோறு ஊட்டின தாய் இந்தப் பூமியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஊரில் என்றால் மாமியார் சட்டியோடு தூக்கிப் போய்ப் பட்டியில் கொட்டியிருப்பா.

மிளகாய் வறுக்கப் போய் வீடு முழுக்க அலாரம் அலறினதும், மருமகன் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறினதும் உங்கள் எல்லா வீட்டிலும் நடந்த கதை. விடுங்கள்.

இன்னொன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு நாள் பெரிய கடையில் வெள்ளைப் பெட்டியில் தோலும் முள்ளும் இல்லாமல் ஒரு மீன். "இது திலாப்பியா மாமி, நல்ல மீன்" என்றார் மருமகன். வீட்டுக்குக் கொண்டுவந்து புளி கரைத்துக் குழம்பு கூட்டிக் கொதிக்க வைத்த பிறகுதான் மணத்தில் பிடித்தேன்: எங்கள் யப்பான் மீன்! 1995 இடப்பெயர்வில் மருமகனின் தாய் தகப்பன் பிள்ளைகளோடு வன்னிக்கு வந்து எங்கள் பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர்கள். குளத்து மீன் சேற்று மணம் என்று அந்த மனிசி ஒரு மாதம் வாயில் வைக்கவில்லை. நான்தான் போய், சாம்பல் போட்டு உரஞ்சி, உப்பும் புளியும் தேய்த்து மூன்று தண்ணீரில் கழுவிக் காட்டினேன். பொருளாதாரத் தடை இறுக இறுக யப்பான் மீன் அவைக்கும் இனித்தது. அந்த மீன் இப்போது மகன் வீட்டில் டொலர் விலையில். நான் சிரிக்க, ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. தலை இல்லாத மீனில் குழம்பு எப்படி ஊறும்? சப்பென்றுதான் இருந்தது. ஆனாலும் சட்டியை வழித்துவிட்டார்கள்.

சித்திரையில் வந்து கட்டுநாயக்காவில் இறங்கினேன். வானில் வருகிற வழியெல்லாம் சாப்பாட்டு நினைப்புத்தான். வவுனியா தாண்ட வயிறு கூவத் தொடங்கிவிட்டது. புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஒவ்வொரு சந்தியாக எண்ணிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் மச்சாள் கட்டிப் பிடித்தா, கால் முகம் கழுவச் சொன்னா, தட்டை வைத்தா. பாண், பருப்பு, ரின்மீன் சம்பல்.

"வான் எத்தினை மணிக்கு வருமெண்டு தெரியேல்லை மச்சாள், அதுதான் கடையில வாங்கினது" என்றா. பிழை சொல்ல முடியுமா? தின்றேன். அடுத்த நாளும் அடுத்த கிழமையும் கவனித்துப் பார்த்தேன். நான் கனடாவில் இருந்துகொண்டு நினைத்து நினைத்து ஏங்கின சாப்பாடு எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் அன்றாடம் அவியவில்லை. கடைச் சந்தியில் கொத்து, பிறைட் றைஸ், நூடில்ஸ். வீட்டில் வெள்ளை அரிசி. பால்மாத் தேத்தண்ணி. குரக்கன் பிட்டு யாருக்காவது சீனி வருத்தம் வந்தால்தான் அடுப்பில் ஏறும்.

செயலாளர் தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். நீங்கள் அங்கே தேடுகிறதை நாங்களும் இங்கே இருந்துகொண்டு தேடுகிறோம். உங்களில் கனபேர் கடைசியாக ஆறுதலாக உட்கார்ந்து ஊரில் சாப்பிட்டது யாழ்ப்பாணம் போகிற ஏ-9 பாதை திறந்திருந்த 2002 முதல் 2006 வரையான காலத்தில். அந்தத் தட்டு உங்கள் மனதில் அப்படியே இருக்கிறது. எங்கள் தட்டு அதற்குப் பிறகு எத்தனையோ தரம் கவிழ்ந்துவிட்டது.

மொட்டைக்கறுப்பனையே எடுங்கள். லிஸ்ற்றில் முதல் வரி அதுதானே.

2008 மார்கழியில் சண்டை கிட்ட வர நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது வயலில் கதிர் பால் பிடிக்கிற பருவம். அறுக்கவில்லை. லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில் பாய், சட்டி, கிழவி, பிள்ளைகள், அவற்றோடு ஒரு மூடை மொட்டைக்கறுப்பன். மழை பிழைத்தால் மறுவிதைப்புக்கு வேண்டுமென்று மாமியார் வருசா வருசம் மீத்து வைக்கிற வித்து. சாப்பாட்டு நெல்லோடு கலக்க விடமாட்டா. விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம் என்று இடம் மாற மாற மற்ற மூடைகள் முடிந்தன, இது கட்டுக் கட்டினபடி இருந்தது. தைப்பூசம் அண்டின நாட்கள். புதிர் எடுத்துப் புது அரிசி பொங்க வேண்டிய காலம். பதுங்குகுழி வாசலில் மாமியார் அந்த மூடையின் வாயை அவிழ்த்தா. உரல் இல்லை, செல் விழுந்து வெட்டிச் சாய்ந்த ஒரு தென்னங்குற்றியில் குழி தோண்டிக் குத்தினோம். தவிடும் உமியும் முழுதாகப் பிரியவில்லை. சிவப்புக் கஞ்சி. பிள்ளைகள் குடித்தார்கள். மாமியார் குடிக்கவில்லை.

பிறகு ஒரு கைப்பிடி நெல்லை முந்தானையில் முடிந்து வைத்திருந்தா. வட்டுவாகல் தண்ணீரைத் தாண்டுகையில் அது நனைந்துவிட்டது. மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரம் கிடைத்து முடிச்சை அவிழ்த்தபோது முளை வெள்ளையாக வெளியே வந்திருந்தது. கழுவுநீர் போகிற இடத்தில் ஊன்றிவிட்டா. பயிர் முழங்கால் உயரம் வர எங்களை வேறு பகுதிக்கு மாற்றினார்கள்.

வைகாசி மாதத்தில் முள்ளிவாய்க்கால் நினைவாக நீங்கள் தெருவில் நின்று கொடுக்கிற கஞ்சியைப் படத்தில் பார்க்கிறேன். கடைசி நாட்களில் எங்களுக்குக் கிடைத்ததில் தேங்காய்ப்பால் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, பால் விட்டே கொடுங்கள், சின்னப் பிள்ளைகள் குடிக்க வேண்டும்தானே.

2010 இல் திரும்பி வந்தோம். கூரை இல்லை. கிணற்றுக் கட்டு தெரியாமல் முசுட்டை படர்ந்து மூடிக் கிடந்தது. நிவாரண அரிசிச் சோற்றுக்கு அந்த முசுட்டை இலையைத்தான் அரிந்து, தேங்காய்ப்பூ இல்லாமல் வறை வறுத்தோம். விதைக்கத் தந்தது மூன்றரை மாத நெல். அதைக் குறை சொல்லக்கூடாது, குட்டை நெல், சாயாது, நல்லாகப் பொலியும், எங்கள் கடனை அடைத்தது அந்த நெல்தான். வெட்டு மெசினுக்கும் அதுதான் தோது. மொட்டைக்கறுப்பன் உயர்ந்து வளர்ந்து காற்றுக்குச் சாய்ந்துவிடும், நாளும் கூட எடுக்கும், விளைச்சலும் குறைவு. வித்தும் இல்லை. யார் நினைப்பார்கள்?

2021 இல் இரசாயன உரத்தை ஒரே அடியாக நிற்பாட்டினார்களே, அப்போதுதான் எங்கள் ஒழுங்கைப் பெரியப்பாவுக்கு ஞாபகம் வந்தது. "உரம் கேட்காத நெல் ஒண்டு இருந்ததெல்லோ" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு, பஸ் மாறி, தென்மராட்சியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஆறு கிலோ வித்து வாங்கி வந்தார். மானாவாரித் துண்டில் புழுதி விதைப்பு. அடுத்த வருசம் பெருக்கினார், அதற்கடுத்த வருசம் இன்னும் பெருக்கினார். போன காலபோகத்துக்கு ஒன்றரை ஏக்கர். ஆள் வைத்து அரிவு வெட்டி, சூடு அடித்து, தூற்றி, களத்திலே பொலியைக் குவித்துவிட்டு அந்த மனிசன் வந்து எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எழுபத்தாறு வயது. பிள்ளை பெற்றவன் மாதிரி நின்றார்.

வாங்க வந்த வியாபாரி ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, கலப்பு நெல் என்று கழிவு போட்டு விலை சொன்னார். மில்லில் கொஞ்ச நெல்லுக்காக மெசினை மாற்றிப் பூட்ட மாட்டோம் என்றார்கள். தவிடு போகாமல் தீட்டித் தர வேறு இடமும் இல்லை. நானும் இன்னும் மூன்று பெண்களும் நாலு நாள் உரலில் குத்தினோம், தோள் போய்விட்டது. வீட்டுத் தேவைக்கு வைத்ததுபோக, மிச்சத்தை மாசிக் கடைசியில் அந்த வியாபாரிக்கே கொடுத்துவிட்டார். உங்கள் லிஸ்ற் வந்தது ஆனியில். பத்துக் கிலோ வேண்டுமாம், அசலாக. பெரியப்பாவிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாலைப்பாணியின் கதை வேறு. மரம் இருக்கிறது, பழமும் பழுக்கிறது, காட்டுக்குள் போகத்தான் வழி இல்லை. நாங்கள் சின்ன வயதில் கடகத்தோடு போய் வந்த பாதையில் இப்போது எல்லைக்கல். அதைத் தாண்டினால் யானை. யானை இல்லாவிட்டால் கரடி. பாலைப்பழக் காலத்தில் கரடியும் அதே மரத்துக்குத்தான் வரும், அதற்கும் பழம் என்றால் உயிர். சந்தைக்கு வருகிற பழத்தைச் சுண்டுக் கணக்கில் வாங்கிப் பாணி காய்ச்சினால் கட்டுமா என்று நீங்களே சொல்லுங்கள். பழத்தைப் பிசைந்து, கொட்டை நீக்கி, வேட்டித் துணியில் வடித்து, மண்சட்டியில் அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அகப்பையைத் தூக்கினால் நூல் மாதிரி இழுபட வேண்டும். ஒரு கடகம் பழத்துக்கு ஒரு போத்தல் தேறினால் பெரிய காரியம். 2023 ஆடியில் வந்த என் பேரன் பச்சைப் பாலைப்பழத்தைப் பத்துப் பதினைந்து வாயில் போட்டுவிட்டு, பால் ஒட்டி இரண்டு உதடும் திறக்க ஏலாமல் முழித்தான். தேங்காயெண்ணெய் பூசித்தான் எடுத்தோம். ஸ்காபரோ போன பிறகும் வீடியோவில் என்னைக் கண்டால் உதட்டை ஒட்டிக் காட்டுவான்.

விரால் உயிரோடு கரைக்கு வந்த இடத்திலேயே விலையாகிறது, கருவாட்டுக்கு மிஞ்சுவதில்லை. தேன் என்று போத்தலில் வருகிறதில் எது தேன் எது சீனிப்பாணி என்று நானே ஏமாந்திருக்கிறேன், உங்களுக்கு அனுப்பிப் பாவம் தேட மாட்டேன். நெய்யா? 2008 இல் வெளிக்கிடும்போது எருமைப் பட்டியின் படலைத் திறந்து விட்டோம். திரும்பி வந்தபோது ஒன்றும் இல்லை. இப்போது ஒழுங்கை முழுக்கப் பார்த்தாலும் எருமை வைத்திருக்கிறவர் இரண்டு பேர். காலையில் கறக்கிற பால் கேனோடு சேகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். 2022 இல் பால்மாவுக்கு நாங்கள் வரிசையில் நின்றோம். ரோட்டில் மாடு குறுக்கே போகிறது, மாட்டுக்கு வழி விட்டுவிட்டு பால்மா வரிசையில் நிற்கிறோம். அன்றைக்கு எனக்கு வந்த சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை.

தனியாகச் செய்தி அனுப்பி மரை இறைச்சி வத்தல் கேட்கிற பெடியளுக்கு ஒரு வார்த்தை. அது சட்டத்துக்கு விரோதம், கேட்காதையுங்கோ. உங்கள் அப்பப்பா தேனில் ஊறப்போட்டு வைத்திருந்தார் என்பது எனக்கும் தெரியும்.

இனிக் கொஞ்சம் மனத்தாங்கல். நீங்கள் அனுப்பின காசில் முன்பள்ளிக்குக் கூரை வந்தது, கிணறு இறைத்தது, பிள்ளைகளுக்குச் சைக்கிள் வந்தது. மறக்கவில்லை. ஊர் வாசலில் ஒரு வளைவும் வந்தது. திறப்பு விழாவுக்கு நீங்கள் பத்துப் பேர் வந்திருந்தீர்கள். வரவேற்புரையில் ஒரு தம்பி, ஊர்ச் சாப்பாட்டை நினைத்துத் தான் அங்கே படுகிற பாட்டைச் சொல்லி எல்லாரையும் கண்கலங்க வைத்தார். பேச்சு முடிய, ரவுணிலிருந்து வந்த இருநூறு கோழிப் புரியாணி ரெஜிபோம் பெட்டியில். எங்கள் சங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தாமரையிலையில் சோறும், பூசணிக்காயும், கத்தரிக்காய்ப் பால்கறியும், முசுட்டை வறையும், கட்டித் தயிரும் போட்டிருப்போம். செலவும் பாதிதான். அன்றைக்கு நானும் அந்தப் புரியாணியைத்தான் தின்றேன், உப்புக் கூட.

இன்னொன்று. எங்களிடம் வாங்கும்போது "ஊரிலை இவ்வளவு விலையோ?" என்று கேட்கிறீர்கள். கேட்கலாம், உழைத்த காசு. ஆனால் நாலு பெண்கள் நாலு நாள் குத்தின அரிசிக்கு மில் அரிசி விலை பேசுகிறது சரியில்லை.

நான் கேட்கிறது காணிக்கை இல்லை. வியாபாரம்தான் கேட்கிறேன். பெரியப்பாவின் வீட்டில் வித்து இரண்டு புசல் மிச்சம் இருக்கிறது, ஒரு ஏக்கருக்குக் காணும். புரட்டாதிக் கடைசியில் புழுதி விதைப்பு. விதைப்பதா விடுவதா என்று ஆவணிக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஒன்றியமும் தங்கள் உறுப்பினரிடம் கேட்டு, எத்தனை குடும்பத்துக்கு எத்தனை கிலோ என்று ஆவணி நடுப்பகுதிக்குள் எழுத்தில் தாருங்கள். பாதிக் காசு முன்பணம், மீதி அரிசி கையில் கிடைத்த பிறகு. விலை, அந்த நேரத்துச் சந்தையில் சிவப்புப் பச்சைக்கு என்ன விலையோ அதில் ஒன்றரை மடங்கு. மழை பிழைத்தாலோ யானை இறங்கினாலோ முன்பணம் திரும்பி வராது, அடுத்த போகத்துக்கு வரவு வைப்போம். கணக்குக் கொப்பி சங்கத்தில் இருக்கும், லீவுக்கு வருகிற யாரும் விரித்துப் பார்க்கலாம். மாசியில் வெட்டி, காயவைத்து, பங்குனியில் குத்தி, பெட்டியில் அடைத்துக் கப்பலில் போட்டால் உங்களுக்கு இலை துளிர்க்கிற காலத்தில் வந்து சேரும். பத்துக் கிலோவாகக் கேட்டால் நாங்கள் உரலோடுதான் மாள வேண்டும். முந்நூறு, நானூறு கிலோ என்று தெரிந்தால் மில்காரரிடம் போய் மெசினை மாற்றிப் பூட்டச் சொல்லி வாய் திறக்கலாம்.

அரிசி சரிவந்தால் அடுத்த வருசம் பாலைப்பாணியைப் பற்றிக் கதைப்போம். எல்லைக்கல் விசயமாக நாங்கள் இங்கே எழுத வேண்டிய இடத்துக்கு எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இன்று காலையும் பெரியப்பா தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு படலையில் வந்து நின்றார். "கனடாக்காரர் என்னவாம்?" லண்டன், பாரிஸ் எல்லாம் அவருக்குக் கனடாதான். "எழுதிக்கொண்டிருக்கிறன் பெரியப்பா" என்றேன். "எழுதி முடிய ஐப்பசி வந்திடும்" என்று சொல்லிவிட்டு வரம்புப் பக்கம் போய்விட்டார்.

மிளகாய்த்தூளும் குரக்கன் மாவும் கச்சானும் கட்டி ஆயத்தமாக இருக்கிறது. எடுக்க வருகிற தம்பி வந்து இறங்கின கிழமையே ஒரு நடை வரட்டும். போன முறை மாதிரி, பயணம் வெளிக்கிடுகிற அன்று இரவு பதினொரு மணிக்கு வாசலில் நின்று ஹோர்ன் அடிக்க வேண்டாம். நாய் குலைத்து ஒழுங்கை முழுக்க எழும்பிவிடும்.

இப்படிக்கு,
பார்சல் கட்டுகிற அம்மா,
முத்தையன்கட்டு.